கடைசியில் நிற்கும் பெயர்

வணக்கம் ஐயா,

கால்நடை மருத்துவத்தில் முதுகலை படிக்கிறேன். எங்கள் வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள். ஆனால் கருத்தரங்கில் பேசுவதற்காக நான் படித்த ஆய்வுக்கட்டுரைகளில் பெண்களின் பெயர்கள் பெரும்பாலும் வரிசையின் தொடக்கத்திலோ நடுவிலோதான் இருந்தன. 'பத்து வருஷம் போனால் தானாகச் சரியாகிவிடும், இதையெல்லாம் எண்ணிக்கொண்டிருக்காதே' என்றார் மூத்த ஆய்வாளர் ஒருவர். எண்ணுவது வீண் வேலையா?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

தொடர்ந்து எண்ணுங்கள். பெயர் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்தீர்களே, அதுதான் முக்கியம். உங்கள் துறையின் வழக்கப்படி ஆய்வைச் செய்தவர் முதலிலும், ஆய்வகத்தை நடத்துபவர் கடைசியிலும் இடம்பெறுகிறார்கள். வகுப்பறையில் பெண்கள் நிறைந்தால் முதற்பெயர்கள் சில ஆண்டுகளில் மாறிவிடும்; கடைசிப் பெயர் மாறுவதற்கோ ஒரு பெண் பணியில் அமர்ந்து, பிள்ளைப்பேற்றுக்குப் பிறகும் அதில் நிலைத்து, திட்டநிதி பெற்று, தமக்குக் கீழ் மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளும் நிலைக்கு வந்தாக வேண்டும். அமெரிக்கக் கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் 1980களிலேயே மாணவியர் பாதியை எட்டிவிட்டார்கள், இன்று ஏறத்தாழ 80 விழுக்காடு. ஆனாலும் அங்கே பேராசிரியர், முதல்வர் பதவிகளில் ஆண்களே நெடுங்காலம் பெரும்பான்மையாக இருந்தார்கள். பத்து ஆண்டுக் கணக்கை நான் நம்பாததற்கு இதுவே காரணம்.

மடிநோய் கண்ட பசுவின் பாலிலிருந்து பிரித்தெடுத்த கிருமியை நீங்கள் எந்தத் தட்டில் பரப்புகிறீர்கள்? வைக்கோல் நிறத்தில் உறைந்திருக்கும் அந்த முல்லர்–ஹின்டன் அகார் என்ற கிருமி வளர்ப்புக் கூழின் மேல் மருந்து வில்லைகளை வைத்து, மறுநாள் அவற்றைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தை அளவுகோலால் அளந்திருப்பீர்கள். அந்த ஹின்டன் ஒரு பெண். ஜேன் ஹின்டன், 1941இல் ஹார்வர்டில் ஜான் ஹோவர்ட் முல்லரின் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தபோது, அவருடன் சேர்ந்து அந்த ஊட்டக்கூழை உருவாக்கிக் கட்டுரையும் வெளியிட்டார். பிறகு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் படித்து, 1949இல் அமெரிக்காவின் முதல் கறுப்பினப் பெண் கால்நடை மருத்துவர்கள் இருவரில் ஒருவரானார். அதன்பின் சிறுபிராணி மருத்துவமும் அரசுப் பணியும் பார்த்தாரே ஒழிய, சொந்தமாக ஓர் ஆய்வகத்தை நடத்தவில்லை. உலகமெங்கும் நாள்தோறும் அந்தப் பெயரை உச்சரிக்கிறார்கள். அது ஒரு பெண்ணின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது. இது என்னை வருத்துகிறது.

எண்ணும்போது நம் ஊர்ப் பெயர்கள் உங்களைத் தடுமாற வைக்கும். மணி, ஜோதி, அருள் ஆகியவை இருபாலருக்கும் உரியவை. தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்டு, சொந்தப் பெயரை ஓரெழுத்தாகச் சுருக்கிவிடும் ஆய்விதழ்களில் பெண் முற்றிலும் மறைந்துபோகிறார். திருமணத்துக்குப் பின் இனிஷியலை மாற்றிக்கொண்டவரின் கட்டுரைகளோ இரண்டு வெவ்வேறு ஆட்களுடையவை போலப் பிரிந்து கிடக்கின்றன. ஆகவே பெயரை மட்டும் வைத்து ஊகிக்காமல், அவர்கள் பணிபுரியும் துறையின் பக்கத்தில் தேடிப் பாருங்கள். அப்போதும் தெரியாதவர்களை ஆண் கணக்கில் சேர்த்துவிடாமல் தனிக் கட்டத்தில் எழுதுங்கள்.

உங்கள் முதல் கட்டுரையை அனுப்புவதற்கு முன், 2012 முதல் நடைமுறையில் இருக்கும் ஆர்கிட் (ORCID) என்ற 16 இலக்க ஆய்வாளர் எண்ணைப் பெற்றுக்கொள்ளுங்கள், இலவசம்தான். இனிஷியல் மாறினாலும் அந்த எண் மாறாது. முதற்பெயர், கடைசிப் பெயர் இரண்டையும் தனித்தனியாக எண்ணி முடித்ததும் அந்த அட்டவணையை எனக்கு அனுப்புங்கள். உங்கள் அனுமதியுடன் இங்கேயே வெளியிடுகிறேன்.