“போதும்மா, மூடி வை”

அன்புள்ள மேடத்துக்கு,

எனக்கு 43 வயது. மெஞ்ஞானபுரம் பக்கம் எங்கள் ஊர். கல்யாணமாகிப் பாளையங்கோட்டையில் இருக்கிறேன். அப்பா தவறி அடுத்த மாதம் ஒரு வருஷம். நினைவு ஆராதனைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க 16 பக்கத்தில் ஒரு மலர் போடுகிறோம். அதில்தான் வீட்டில் சண்டை.

அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சம்பளம் வாங்கி வந்தால் தசமபாகத்தைத் தனிக் கவரில் போட்டுவிட்டுத்தான் சட்டையைக் கழற்றுவார். அம்மா உலை வைக்கும்போது காணிக்கைக்குப் பிடி அரிசி எடுத்து வைத்தாயிற்றா என்று அடுப்படி வரைக்கும் வந்து கேட்பார். மழையானாலும் கரண்ட் போனாலும் ஏழரை மணிக்குக் குடும்ப ஜெபம். வெளியூர் போய்த் திரும்பும்போது பஸ்ஸிலிருந்து மெஞ்ஞானபுரம் ஆலயத்தின் அந்த 192 அடிக் கோபுரம் தெரிந்ததும் தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொள்வார். அப்படி ஒரு மனுஷர்.

பெங்களூரில் இருக்கிற அண்ணன் மலருக்கென்று ஒரு பத்தி எழுதி அனுப்பினான். பத்தாவது படிக்கும்போது கிரிக்கெட் ஆடிவிட்டு ஜெபத்துக்கு நேரம் கழித்து வந்தானாம், அப்பா ராத்திரி பத்து மணி வரை வாசலில் நிறுத்தினாராம், சாப்பாடு இல்லையாம். இதையா ஊருக்குச் சொல்வது? எடுத்துவிட்டேன். அதற்கு மதினி போன் போட்டு, “அவருக்கு நீங்க ஒருத்திதான் பிள்ளையா?” என்கிறாள். ரெண்டு வருஷம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தது யார்? டயாலிசிஸுக்கு வாரம் மூன்று நாள் ஆட்டோவில் கூட்டிப் போனது யார்? அண்ணன் பணம் அனுப்பினான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பணம் அனுப்புவதும் பக்கத்தில் இருப்பதும் ஒன்றா?

அட்டையில் அப்பாவின் பைபிளைப் படமெடுத்துப் போடச் சொல்கிறார்கள் அம்மா. கறுப்பு அட்டை, முதுகில் பிளாஸ்திரி ஒட்டினது, முதல் பக்கத்தில் எங்கள் ரெண்டு பேர் ஞானஸ்நானத் தேதியும் இருக்கும். கடைசி ரெண்டு மாசம் அதைத் திறக்கவே விடவில்லை என்பது அம்மாவுக்குத் தெரியாது. நான் வாசிக்க எடுத்தால் “போதும்மா, மூடி வை” என்பார். சபைப் போதகர் ஐயர் வந்தால் எழுந்து சாய்ந்து உட்கார்ந்து ஆமென் சொல்வார். நான் அரைமணி நேரம் கழித்துக் கதவைத் திறந்து, வாசித்தாச்சு என்று அம்மாவிடம் சொல்லிவிடுவேன். அது கிடக்கட்டும். அண்ணன் அந்தப் பத்தியைப் போட்டே ஆகவேண்டும் என்கிறான். 25ஆம் தேதி அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். அவனிடம் எப்படிப் பேசுவது? எனக்கு ராத்திரி தூக்கமே இல்லை.

— பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை ரெண்டு முறை படித்தேன். அண்ணன், மதினி, ஆட்டோ எல்லாம் சரி. “அது கிடக்கட்டும்” என்று ஒன்றை ஒதுக்கினீர்களே, தூக்கத்தைக் கெடுப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

அப்பா கடைசியில் விசுவாசத்தை விட்டுவிட்டாரோ என்று உங்களுக்குப் பயம். அதை யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம்கூட நேராகச் சொல்லாமல், அட்டைப் படத்தைப் பற்றிப் பேசுகிற சாக்கில் நழுவ விட்டிருக்கிறீர்கள்.

டயாலிசிஸ் என்றால் ஒரு தடவைக்கு ஏறக்குறைய நாலு மணி நேரம். வாரம் மூன்று நாள் அந்த மெஷினோடு கிடந்துவிட்டு வருகிறவருக்குத் தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க முடியும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அசதியும் மனச்சோர்வும் சேர்ந்தே வருவது ரொம்ப சகஜம். காதில் விழுகிற ஒரு பைபிள் அதிகாரத்தைக் கடைசி வரை பின்தொடரவே தெம்பு இருக்காது. அதற்காக எல்லாம் உடம்புதான் என்று சொல்லி உங்களைத் தேற்றிவிடவும் மாட்டேன். அவருக்கு ஆண்டவர் மேல் கோபமே இருந்திருக்கலாம். அது எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

நான் போதகர் இல்லை. மிஷன் பள்ளியில் படித்தவள், அவ்வளவுதான். பைபிளில் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, “போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்” என்று சொன்ன இடம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். அங்கே யாரும் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்க விட்டார்கள். எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார்கள். மறுபடியும் தூங்க விட்டார்கள். கணக்கு வாத்தியார் சொன்னதும் அதே “போதும்”தானே?

இன்னொன்றையும் கவனியுங்கள். ஐயர் முன்னால் அவர் எழுந்து உட்கார்ந்து ஆமென் சொன்னார். அம்மாவிடமும் இதைச் சொல்லவில்லை. அத்தனை வருஷம் ஏழரை மணியைத் தவறவிடாத மனுஷர், இன்றைக்கு என்னால் முடியவில்லை என்று சொல்ல உலகத்தில் ஒரே ஒரு ஆளைத்தான் பிடித்தார். நீங்கள் அதை அவருடைய விழுகையாக நினைத்து ஒரு வருஷமாக மறைத்துக்கொண்டிருக்கிறீர்கள். என் கண்ணுக்கு அது அவர் உங்களை நம்பியதாகத்தான் தெரிகிறது.

இப்போது அண்ணனிடம் வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், இதில் நான் அவர் பக்கம். பசியோடு வாசலில் நின்ற பையனுக்கு அந்த ராத்திரி இன்னும் முடியவில்லை. அப்பாவை வெறுக்கிறவராக இருந்தால் மலருக்குப் பத்தி எழுதி அனுப்பியிருக்க மாட்டார். தன் அப்பாவும் அந்த 16 பக்கத்துக்குள் இருக்க வேண்டும் என்று கேட்கிறார், அவ்வளவுதான். நீங்கள் அதை வெட்டியது அப்பாவின் மானத்துக்காக மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு கீறலை அனுமதித்தால் நீங்கள் மூடி வைத்திருப்பதும் வெளியே வந்துவிடுமோ என்ற பயமும் அதில் இருக்கிறது. அன்றைக்குக் கதவைத் திறந்து “வாசித்தாச்சு” என்றீர்கள். அது அம்மாவுக்காக. இப்போது அதையே 16 பக்கத்துக்கு எழுதப் பார்க்கிறீர்கள்.

பக்கத்தில் இருந்தது நீங்கள்தான், அதில் சந்தேகமே இல்லை. அதற்குக் கூலியாக அப்பாவை முழுசாக உங்கள் பெயருக்கு எழுதி வாங்க முடியாதே.

அண்ணனுக்குப் போன் பண்ணுங்கள். மதினி வழியாக வேண்டாம். பத்தியைப் போடுகிறேன் என்று முதலில் சொல்லிவிடுங்கள். அப்புறம், தைரியம் வந்தால், “போதும்மா, மூடி வை” என்பதை அவரிடம் சொல்லுங்கள். அதை மலரில் போடத் தேவையில்லை. அம்மாவிடம் இப்போது சொல்லித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. ஆனால் அவர்களுக்குத் தெரியாது என்று அவ்வளவு நிச்சயமாக இருக்காதீர்கள். ஒரே கூரையின்கீழ் ஒரு ஆயுசு முழுக்க அந்தக் குரலைக் கேட்டவர், கதவுக்குப் பின்னால் வாசிக்கிற சத்தம் இல்லை என்பதைக் கவனித்திருக்க மாட்டாரா?

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. பைபிளை மூடி வைத்த பிறகும் அரைமணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தேன் என்கிறீர்கள். தினமும். ரெண்டு மாசம். அந்த அரைமணி நேரம் அப்பாவும் நீங்களும் என்ன பேசினீர்கள்? ஒன்றும் பேசாமல் சும்மா உட்கார்ந்திருந்தீர்களா? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே. அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள்.