டோ செய்த பைக்கை எப்படி மீட்பது? ஆர்சி என் பெயரில் இல்லை

நோ பார்க்கிங் என்று பைக்கைத் தூக்கிப் போய்விட்டார்கள், ஆர்சி, அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழ், உங்கள் பெயரில் இல்லை. கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இவ்வளவுதான். இரண்டாவது விஷயம்தான் உங்களை இங்கே கேட்க வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிப் பெயர் மாற்றாமல் ஓட்டுபவராக இருக்கலாம். அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு போனவராக இருக்கலாம். இல்லை, என்னைப் போல இறந்துபோன அப்பாவின் வண்டியை ஓட்டுபவராகவும் இருக்கலாம். கடைசி வகை என்றால் தயவுசெய்து முழுதும் படியுங்கள்.

அப்பா காலமாகிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அவருடைய கணக்கை முடிப்பதற்காக ஒரு வங்கிக்குப் போயிருந்தேன், அவருடைய ஸ்கூட்டரில். வரிசையில் நிற்கும்போது கைப்பையில் இருந்த அப்பாவின் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. அந்த எண்ணை நாங்கள் விட்டுவிடவில்லை, ஓடிபி எல்லாம் அதற்குத்தான் வரும். எடுத்துப் பார்த்தால் ஸ்கூட்டர் எண்ணைப் போட்டு இ-சலான், மின்னணு அபராதச் சீட்டு. வெளியே ஓடி வந்தேன், வண்டி இல்லை. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர்தான், "இப்பத்தான் ஏத்திட்டுப் போனாங்க, டிராஃபிக் ஸ்டேஷனுக்குப் போங்கம்மா" என்றார்.

இதிலிருந்தே உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். சலான் செய்தி ஆர்சியில் பதிவான கைபேசி எண்ணுக்குத்தான் போகும். உங்கள் வண்டி வேறொருவர் பெயரில் இருந்தால் செய்தி அவருக்குத்தான் போயிருக்கும். அரசின் பரிவாஹன் இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். அக்கம்பக்கத்துக் கடைகளிலும் கேளுங்கள். டோ செய்ததாக யாருமே சொல்லவில்லை என்றால் தாமதிக்காமல் காவல் நிலையத்தில் திருட்டுப் புகார் கொடுத்துவிடுங்கள்.

ஸ்டேஷன் வளாகத்தில் ஸ்கூட்டர் நின்றது. ஹேண்டில் லாக் போட்டபடியே தூக்கியிருந்தார்கள். இடது பக்கக் கண்ணாடி உடைந்து, அதன் சில்லு இரண்டு கால் வைக்கும் பலகையிலேயே கிடந்தது. பக்கத்தில் போவதற்குள் டோயிங் வண்டிக்காரர் நோட்டை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார். நான் போடவில்லை. முதலில் நான்கு பக்கமும் படம் எடுத்தேன், அந்தச் சில்லையும் சேர்த்து. "அது முன்னாடியே உடைஞ்சிருந்ததும்மா" என்றார். முன்னாடியே உடைந்திருந்தால் சில்லு வண்டியோடு எப்படி வரும் என்று கேட்டேன். பதில் இல்லை.

உள்ளே இருந்த காவலர் ஆர்சியைப் பார்த்துவிட்டு, "ஓனர் வரணும்மா, அவர் வந்தாதான் வண்டி" என்றார்.

"அவர் இறந்துட்டார் சார். நான் அவர் பொண்ணு."

"அப்ப வாரிசு சர்டிபிகேட் கொண்டாங்க."

தாசில்தாரிடம் இருந்து வாரிசுச் சான்றிதழ் வர எவ்வளவு காலம் ஆகும் என்பது அதற்கு அலைந்தவர்களுக்குத்தான் தெரியும். அதுவரை வண்டி வெயிலிலும் மழையிலும் அங்கேயே கிடக்க வேண்டுமா? என்னிடம் வேறொரு காகிதம் இருந்தது. அப்பா இறந்ததையும், வண்டியை நான் பயன்படுத்தப் போவதையும் ஆர்டிஓ அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்து, தபால் பிரிவில் முத்திரை வாங்கிய நகல். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் 56-ஆவது விதி இதைச் சொல்கிறது. உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட்டால், வண்டி யார் கைக்கு வந்ததோ அவர் 3 மாதம் வரை அதைத் தன் வண்டி போலவே பயன்படுத்தலாம். அந்த 3 மாதத்துக்குள் படிவம் 31-ல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். நகலையும், இறப்புச் சான்றிதழையும், என் ஓட்டுநர் உரிமத்தையும், காப்பீட்டையும் வரிசையாக மேசையில் வைத்தேன். காவலர் எஸ்.ஐ.யிடம் எடுத்துப் போனார். எஸ்.ஐ. நிதானமாகப் படித்தார், "சரிதான், விட்டுடுங்க" என்றார். அவர் படித்துப் பார்த்ததற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். போலீஸ் என்றாலே குறை சொல்கிற பதில் இல்லை இது.

கண்ணாடி விஷயத்தையும் அவரிடமே சொன்னேன். விடுவிப்பு ரசீதிலேயே "இடது பக்கக் கண்ணாடி உடைந்த நிலையில்" என்று எழுதித் தந்தார்கள். அந்த ஒரு வரி இருந்ததால்தான் டோயிங் ஒப்பந்தக்காரர் பிறகு புதுக் கண்ணாடி போட்டுத் தந்தார். வாய்ப்பேச்சோடு விட்டிருந்தால் தந்திருக்க மாட்டார்.

"நோ பார்க்கிங்கில் விட்டவர்களுக்கு வக்காலத்தா?" என்று சிலர் கிளம்புவீர்கள், தெரியும். அபராதத்தைக் கட்டிவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன். சட்டத்தை ஒழுங்காகச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 127: நிறுத்தத் தடை உள்ள இடத்தில் நின்றாலோ, பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரற்றுக் கிடந்தாலோ வண்டியை அகற்றவோ சக்கரத்துக்குப் பூட்டுப் போடவோ உத்தரவிடலாம். உத்தரவிட வேண்டியவர் அந்த எல்லைக்குரிய, சீருடையில் இருக்கும் காவல் அதிகாரி. ஒப்பந்தக்காரரின் ஆட்கள் தாங்களாகவே தெருத்தெருவாகப் போய் அள்ளிக்கொண்டு வர அதில் இடமில்லை. அதே பிரிவு, இழுவைச் செலவு முழுவதும் உரிமையாளர் பொறுப்பு என்றும் சொல்கிறது, ஆகவே அதைத் தர மாட்டேன் என்று சண்டை போடாதீர்கள். அது ஊருக்கு ஊர், வண்டிக்கு வண்டி மாறும். கட்டண விவரத்தைக் காட்டச் சொல்லுங்கள், ரசீது வாங்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அபராதம் தனி. 2019 திருத்தத்துக்குப் பிறகு பிரிவு 177-ன்படி முதல் முறை 500 ரூபாய் வரை, அடுத்த முறை 1,500 ரூபாய் வரை. அங்கே பலகையே இல்லை, தப்பு உங்களுடையது அல்ல என்று உறுதியாக இருந்தால், சலானை மறுத்துச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அப்படியானால் அந்த இடத்தைப் படம் எடுத்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போங்கள்.

அசல் ஆர்சி கேட்டால், அதே மத்திய மோட்டார் வாகன விதிகளின் 139-ஆவது விதியில் 2018-ல் கொண்டுவந்த திருத்தத்தைச் சொல்லுங்கள். அரசின் டிஜிலாக்கர் செயலியிலோ எம்-பரிவாஹன் செயலியிலோ காட்டினால் ஏற்க வேண்டும். அசலை வண்டி சீட்டுக்கு அடியிலேயே வைத்திருப்பவர்களுக்கு இது ரொம்பவும் உதவும்.

இவ்வளவு எழுதிவிட்டு வங்கியைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். அன்று நான் முடிக்கப் போன கணக்கில் அம்மாவை நாமினியாக அப்பா எப்போதோ பதிவு செய்திருந்தார். பாஸ்புக்கிலேயே அது அச்சாகியிருந்தது. நாமினி இருந்தால் இறப்புச் சான்றிதழும் அடையாளச் சான்றும் கோரிக்கைப் படிவமும் போதும், வாரிசுச் சான்றிதழ் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்கு எழுத்தில் சொல்லியிருக்கிறது. ஆனாலும் கவுண்டரில் இருந்தவர் வாரிசுச் சான்றிதழ் இல்லாமல் படிவத்தைக் கையில்கூட வாங்கவில்லை. அம்மாவை நாற்காலியில் உட்காரச் சொல்லவில்லை. கணவரை இழந்த ஒரு பெண்ணை, அவருக்கே சேர வேண்டிய பணத்துக்காக இப்படி நிற்க வைக்கலாமா? போக்குவரத்து ஸ்டேஷனில் நான் எழுப்பிய குரலை அந்த வங்கியிலும் எழுப்பினேன். மேலாளர் வெளியே வந்த பிறகுதான் படிவம் நகர்ந்தது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உரிமையாளர் உயிரோடு இருக்கிறார், வெளியூரில் இருக்கிறார் என்றால், வண்டி எண்ணையும் உங்கள் பெயரையும் குறிப்பிட்டுக் கையெழுத்திட்ட ஒரு அதிகாரக் கடிதமும், அவருடைய அடையாள அட்டை நகலும் வாங்கிக்கொண்டு போங்கள். வீடியோ அழைப்பில் அவரைப் பேச வைத்தால் பல இடங்களில் வேலை சுலபமாக முடிகிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கியதாக இருந்தால் சிக்கல் கொஞ்சம் பெரியது. வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 50. பதிவேட்டில் பெயர் இருப்பவர்தான் சட்டப்படி உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் ஒரு விபத்து வழக்கில் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆகவே விற்றவரைத் தேடிப் பிடியுங்கள். வண்டி கைக்கு வந்ததும் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் அவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள், இன்னொரு முறை அவர் போனை எடுப்பாரா என்பது நிச்சயமில்லை.

சலான் கட்டிய ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். படிவம் 31 கொடுக்கப் போனபோது, நிலுவை எதுவும் இல்லை என்று காட்ட என்னிடம் அதைத்தான் கேட்டார்கள்.