மாமாவின் பேஸுக்குப் புது பெயின்ட் அடிக்கலாமா?

கேள்வி: மாமா காலமான பிறகு அவருடைய ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் கிட்டார் என்னிடம் வந்திருக்கிறது. 1966-ல் செய்தது என்று சொல்வார். சன்பர்ஸ்ட் நிறம், அதாவது நடுவில் வெளிறி ஓரத்தில் கருமையாவது. முழங்கை படும் இடத்தில் பெயின்ட் போய் மரம் தெரிகிறது. முதுகுப் பக்கம் பெல்ட் பக்கிள் உரசிய கீறல்கள், மேலெல்லாம் மயிரிழை வெடிப்புகள். ஆம்பில் போட்டால் இரைகிறது. கம்பியைத் தொட்டாலும் இரைச்சல் குறைவதில்லை. சவுண்டும் மந்தம். எங்கள் டிரம்மர், முழுக்கச் சுரண்டிக் கறுப்பு அடித்து, பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்கும் உலோகத் தகடு) பக்கம் இன்னொரு பிக்கப்பும் (கம்பி அதிர்வை மின் சைகையாக்கும் பாகம்) பேட்டரியில் ஓடி சவுண்டைக் கூட்டிக் குறைக்கும் ப்ரீஆம்பும் வைத்துவிடலாம் என்கிறார். "பேஸ் மேதை ஜாகோ பாஸ்டோரியஸே மாற்றிய பேஸில்தானே வாசித்தார்?" என்கிறார். எனக்கு வாசிக்கத்தான் ஆசை, விற்க இல்லை. என்ன செய்யட்டும்?

பதில்: பெயின்டைச் சுரண்டாதீர்கள். மரத்தில் ரௌட்டர் (மரத்தைக் குடையும் மெஷின்) படவிடாதீர்கள். இந்த இரண்டைத் தவிர மற்றதெல்லாம் பேசித் தீர்க்கக்கூடியவை.

நீங்கள் சொல்லும் குறைகளில் இரண்டு, பெயின்டுக்கும் பிக்கப்புக்கும் சம்பந்தமே இல்லாதவை. முதலில் இரைச்சல். 1957-லிருந்து பிரிசிஷன் பேஸில் வருவது இரண்டாகப் பிளந்த பிக்கப். ஒரு பாதி வாங்கும் இரைச்சலை மறுபாதி அடித்துவிடும்படி அதைச் சுற்றியிருப்பார்கள். அப்படிப்பட்ட பேஸ் இரைந்தால், அதுவும் கம்பியைத் தொட்டும் அடங்காவிட்டால், பிரிட்ஜுக்கு அடியில் போகும் எர்த் வயர் விட்டுப்போயிருக்கலாம். சால்டர் வைக்கத் தெரிந்தவருக்கு அது சின்ன வேலை. அதைப் பார்க்காமல் இன்னொரு பிக்கப் வைத்தால், இருக்கிற இரைச்சலோடு புதுசாக ஒன்றும் சேரும். அந்த இடத்தில் வழக்கமாக வைக்கும், ஜாஸ் பேஸ் (ஃபெண்டரின் இன்னொரு மாடல்) வகை ஒற்றைச் சுருள் பிக்கப் தனியாக இரைகிற வகைதானே.

அடுத்தது மந்தமான சவுண்ட். மாமா கடைசியாக எப்போது கம்பி மாற்றினார் என்று உங்களுக்குத் தெரியுமா? தட்டையாகச் சுற்றிய பழைய கம்பியும், பிரிட்ஜ் மூடிக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சும் இருந்தால் பேஸ் அப்படித்தான் ஒலிக்கும். மோட்டவுன் என்ற அமெரிக்க இசை நிறுவனத்தின் பாடல்களில் ஜேம்ஸ் ஜேமர்சன் 1962 பிரிசிஷன் பேஸில் வாசித்த அந்த உருண்டையான ஒலிக்குக் காரணமே அவைதான். கம்பியை அவர் அநேகமாக மாற்றியதே இல்லை. உங்களுக்குப் பளீரென்று வேண்டுமானால் உருட்டுச் சுற்றுக் கம்பி போட்டுப் பாருங்கள். நெக்கின் (கை பிடிக்கும் நீளப் பகுதி) வளைவையும் ஆக்‌ஷனையும் (விரற்பலகைக்கு மேல் கம்பி நிற்கும் உயரம்) சரிசெய்யச் சொல்லுங்கள். அந்தக் கால பேஸ்களில், நெக்குக்குள் வளைவைப் பிடித்திருக்கும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைத் திருகும் இடம் நெக்கின் அடிப்பக்கத்தில் இருக்கும், நெக்கைக் கழற்றித்தான் திருக வேண்டும். அதனால் பலர் தொடாமலே விட்டுவிடுவார்கள். பாதி "மந்தம்" அங்கேதான் இருக்கும்.

நெக்கைக் கழற்றும்போது கூடவே நின்று எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நெக்கின் அடியில் தேதி முத்திரை இருக்கிறதா, பிக்கார்டுக்கு (முகப்பில் திருகியிருக்கும் பிளாஸ்டிக் தகடு) அடியில் நிறம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். வெளிச்சம் படாத அந்த இடத்தில் சன்பர்ஸ்ட் வெளியே இருப்பதைவிட அடர்த்தியாக இருந்தால் நல்ல அடையாளம். திருகுத் துளைகளுக்குள் பெயின்ட் அடைத்திருந்தால் யாரோ முன்பே அடித்திருக்கிறார்கள். வால்யூம் பாட்டின் (குமிழுக்கு அடியில் இருக்கும் சுழல் பாகம்) முதுகில் ஒரு எண் இருக்கும். 1376622 என்று இருந்தால், 137 என்பது சி.டி.எஸ். நிறுவனத்தைக் குறிக்கும், 66 வருடம், 22 வாரம். ஆனால் இதை மட்டும் நம்பக் கூடாது. 1966-ல் ஃபெண்டர் மொத்தமாக வாங்கிப்போட்ட பாட்களை அடுத்த சில வருடங்களும் பொருத்திக்கொண்டிருந்தார்கள். பேஸ் அந்த வாரத்துக்கு முந்தியதில்லை என்பதை மட்டும்தான் எண் சொல்லும்.

பெயின்ட் அசல்தான் என்று தெரிந்துவிட்டால், கேள்வி அங்கேயே முடிந்தது. மயிரிழை வெடிப்பு, அந்தக் கால ஃபெண்டர்களில் பூசிய நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரின் இயல்பு. மெல்லிய பூச்சு, குளிரிலும் வெப்பத்திலும் மரம் சுருங்கி விரியும்போது அது வெடிக்கும், நாளாக ஆக மஞ்சளாகும். 1960-களின் கடைசியில் ஃபெண்டர் தடித்த பாலியெஸ்டருக்கு மாறியது. அது இப்படி வெடிக்காது, சில்லாகப் பெயரும். முழங்கை பட்ட இடத்தில் மரம் தெரிவதால் பேஸுக்கு ஒரு கெடுதலும் இல்லை. சுரண்டினால்தான் கெடுதல். உப்புத்தாள் பெயின்டோடு நிற்பதில்லை, மரத்தையும் தின்னும். உடம்பின் விளிம்பு வளைவு மாறும், நெக் உட்காரும் பள்ளம் தளரும். பெயின்டை மாற்றிய பழைய பேஸின் விலை ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பது வியாபாரிகள் போடும் கணக்கு. விற்கப்போவதில்லை என்கிறீர்கள், சரி. ஆனால் அந்தத் தேய்மானம் உங்கள் மாமா அத்தனை வருடம் கை வைத்து வாசித்ததால் வந்தது. அதை உப்புத்தாளால் எடுத்துவிட்டுக் கறுப்பு அடிப்பதை நினைத்தாலே எனக்கு மனசு ஒப்பவில்லை.

டிரம்மர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. ஜாகோவின் 1962 ஜாஸ் பேஸில் ஃபிரெட்களே (விரற்பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) கிடையாது, விரற்பலகையில் எபாக்ஸி பூசியிருந்தார். ஆனால் 1970-களில் அது கையில் கிடைத்த ஒரு பழைய பேஸ், அவ்வளவுதான். உங்களுடையது அறுபது வயதை எட்டியது. அசலாக மிஞ்சியிருப்பவை குறைந்துகொண்டே வருகின்றன. ஃபிரெட் இல்லாமல் வாசிக்க ஆசையா, இரண்டு பிக்கப் வேண்டுமா, அதற்கென்று ஒரு புது பேஸ் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதிலேயே மாற்றம் வேண்டுமென்றால் திரும்ப எடுக்கக்கூடியதாக இருக்கட்டும். ப்ரீஆம்பை உள்ளே வைக்கவே வேண்டாம். காலடியில் வைக்கும் பெடலாகவே கிடைக்கிறது. பிக்கப்பையே மாற்ற நினைத்தால், பிக்கப்பும் வால்யூம் பாட்டும் வயரும் பொருத்திய புது பிக்கார்டு ஒன்றை அப்படியே மாட்டி, பழையதை சால்டரைக்கூடக் கலைக்காமல் ஒரு பெட்டியில் வையுங்கள். பிரிட்ஜ் மாற்றினால் பழைய துளையிலேயே உட்காரும் வகையாகப் பாருங்கள். ஃபிரெட் தேய்ந்திருந்தால் தயங்காமல் புதிதாகப் போடுங்கள், வாசிக்கிற பேஸுக்கு அது டயர் மாற்றுகிற மாதிரி. ஸ்டாண்டில் ரப்பர் இருந்தால் துணி சுற்றுங்கள். ரப்பர் பட்ட இடத்தில் நைட்ரோ இளகிப் பிசுபிசுக்கும்.

பிரித்துப் பார்த்ததில், மாமாவுக்கு முன்பே யாரோ சுரண்டிக் கண்ட பெயின்டை அடித்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் அப்போது நிலைமை வேறு. அசல் போய்விட்டது, நீங்கள் தாராளமாக அடிக்கலாம், கறுப்பாகவே. அப்போதும் பழைய கிட்டார் வேலையில் கைதேர்ந்தவரிடம் கொடுங்கள். மேல் பெயின்டுக்கு அடியில் அசல் சன்பர்ஸ்ட் கொஞ்சமாவது மிச்சமிருக்கிறதா என்று முதலில் ஒரு ஓரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் மேல் பூச்சை மட்டும் பொறுமையாக எடுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நெக்கின் தலைப்பகுதியில் ஃபெண்டர் பெயர் உள்ள டிகாலை (ஒட்டுப் படம்) மட்டும் எந்த நிலையிலும் தொட வேண்டாம் என்று வேலையைக் கொடுக்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.