யாருடைய கண்ணாடி?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

சமூகவியல் முதலாமாண்டு படிக்கிறேன். அமெரிக்கச் சமூகவியலாளர் சார்ல்ஸ் ஹார்ட்டன் கூலியின் ‘கண்ணாடித் தன்னிலை’ பாடம் நடந்ததிலிருந்து மனசே சரியில்லை. அடுத்தவர் பார்வைதான் ‘நான்’ என்றால், எனக்கென்று உள்ளே ஒன்றுமே கிடையாதா?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

நோட்ஸில் படித்தால் அப்படித்தான் தோன்றும். ‘மனித இயல்பும் சமூக ஒழுங்கும்’ (1902) நூலில் கூலி என்ன சொல்கிறார் என்று பாருங்கள். எதிராளிக்கு நான் எப்படித் தெரிகிறேன் என்று நினைத்துக்கொள்கிறேன். அதை வைத்து அவர் என்ன முடிவு கட்டியிருப்பார் என்றும் நானே நினைத்துக்கொள்கிறேன். பிறகு பெருமையோ கூச்சமோ வருகிறது. மூன்றுமே நடப்பது உங்கள் மண்டைக்குள். எதிராளிக்கு அன்று பல்வலியாக இருந்திருக்கலாம். அவர் சிரிக்கவில்லை என்று தூக்கம் கெடுவது உங்களுக்கு.

கண்ணாடி உவமை முழுக்கப் பொருந்தாது என்று அங்கேயே ஒப்புக்கொள்கிறார். கண்ணாடி தீர்ப்புச் சொல்லாதே! தவிர, எதிரே இருப்பது யார் என்பதும் முக்கியம். வியாபாரத்தில் செய்த தில்லுமுல்லை ஒருவரிடம் ஜம்பமாகச் சொல்பவன், இன்னொருவரிடம் அதை ஒப்புக்கொள்ளவே வெட்கப்படுவான். இது கூலி தரும் உதாரணம்தான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கூலி தன் குழந்தைகளின் பேச்சைக் கவனித்துக் குறித்துவைத்தவர். 1908-இல் அதைக் கட்டுரையாகவும் எழுதினார். ‘பந்து’ என்று யார் சொன்னாலும் அது பந்துதான். ‘நான்’ அப்படியில்லை. அம்மா சொன்னால் அம்மா, அப்பா சொன்னால் அப்பா. வெறுமனே கேட்டுத் திருப்பிச் சொல்லி இதைக் கற்க முடியாது. பொம்மையைப் பிடுங்கும்போது தனக்குள் பொங்குவதும், மற்றவர்கள் ‘என்னுது’ என்று இழுக்கும்போது குரலில் ஏறுவதும் ஒன்றுதான் என்று குழந்தை பிடித்துக்கொள்கிறது. அந்த உணர்ச்சி பிறவியிலேயே உண்டு, பழகப் பழக உருவம் பெறுகிறது என்பது கூலியின் கட்சி. ஆக, உள்ளே ஒன்று இருக்கிறது, அதுவும் நல்ல பிடிவாதத்தோடு.

எனக்கு அவரோடு சண்டை வேறு இடத்தில். மனிதர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் கொள்ளும் கற்பனைகளே சமூகத்தின் திடமான உண்மைகள் என்றார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சில வருடம் கூடவே இருந்த தத்துவ அறிஞர் ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட், கூலி இறந்த மறுவருடம், 1930-இல், சமூகத்தை இப்படி மனதுக்குள் அடைத்துவிட்டாரே என்று எழுதினார். நான் மீட் பக்கம். எதிரே இருப்பவர் கையில் உங்கள் சம்பளம் இருந்தால், அவர் முகம் சுளிப்பது வெறும் கற்பனை விவகாரம் இல்லையே.