பட்டுப்புழுவுக்கு ஆன்டிபயாடிக் எவ்வளவு கலக்கலாம்?

கேள்வி: 200 முட்டைத் தொகுதி வளர்க்கிறேன். ஐந்தாம் பருவம், நாலாம் நாள். மூன்று நாளாகப் புழுக்கள் தீனி எடுக்காமல் துவள்கின்றன, வாயில் நீர் கக்குகின்றன. எச்சம் ஈரமாகச் சங்கிலி போல வருகிறது. செத்தவை கறுத்து நாறுகின்றன. கடைக்காரர் ஓர் ஆன்டிபயாடிக் தூளைக் கொடுத்து, தினமும் இலையில் தெளிக்கச் சொன்னார். லிட்டருக்கு எவ்வளவு ஐயா?
– உடுமலை வட்டார விவசாயி

பதில்: அந்தத் தூளைத் தொடவே வேண்டாம், தம்பி. இது பிளாச்சரி என்ற குடல் நோய். வைரஸாலும் வரும், பாக்டீரியாவாலும் வரும், இரண்டும் சேர்ந்தும் வரும். வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. புழுவைப் பார்க்காமலே மருந்து விற்பவரிடம் வைத்தியம் கேட்காதீர்கள்.

இத்தனை நாள் வயிற்றில் சும்மா இருந்த கிருமி இப்போது ஏன் கொல்கிறது என்றுதான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். என்டெரோகாக்கஸ் என்ற பாக்டீரியா நல்ல புழுவின் குடலிலும் இருக்கிறது, ஆனால் அடங்கி இருக்கிறது. குடல் சாறு கடும் காரத்தன்மை கொண்டது, பி.எச். 10 அளவில் இருக்கும். இலைத் துணுக்குக்கும் குடல் சுவருக்கும் நடுவே மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. பாக்டீரியாவின் மேலுறைத் துணுக்குகள் அதிகமானால் குடல் சுவர் கிருமிகொல்லிப் புரதங்களைச் சுரக்கும். அந்தத் துணுக்குகளையே உடைத்துப் போடும் நொதியும் அதனிடம் உண்டு. இல்லையென்றால் சண்டை ஓயாமல் நடந்து குடலே புண்ணாகிவிடும். பழ ஈயில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். பட்டுப்புழுவிலும் இதே வகை ஏற்பாடுதான். தினமும் ஆன்டிபயாடிக் போட்டால் அடங்கி இருந்தவை செத்து, மருந்துக்கு அடங்காதவை அந்த இடத்தைப் பிடிக்கும்.

பிளாச்சரி என்று எந்த வளர்ப்பு மனைக்குப் போனாலும் நான் முதலில் கை விட்டுப் பார்ப்பது இலைக் குவியலுக்குள்தான். மேலே பச்சையாக இருக்கும், உள்ளே வியர்த்து ஒட்டிக்கொண்டு சூடு அடிக்கும். அதைத் தின்ற புழுவுக்குச் செரிக்காது. குடலில் காரம் குறைந்து கிருமி பெருகும். உச்சி வெயிலில் வெட்டாதீர்கள். தண்டுகளை நிறுத்தி வைத்து ஈரச் சாக்கு போர்த்துங்கள். யூரியாவை அள்ளிக் கொட்டி வளர்த்த சதசத இலையும், நீர் சொட்டும் இலையும் ஆகவே ஆகாது.

பக்கத்துக் காட்டில் முட்டைக்கோசுக்கு பி.டி. என்ற, புழுவைக் கொல்லும் பாக்டீரியா மருந்து தெளித்தார்களா என்றும் விசாரியுங்கள். 1901இல் ஜப்பானில் இஷிவாட்டா என்ற ஆய்வாளர் அந்த பாக்டீரியாவைக் கண்டதே செத்த பட்டுப்புழுவில்தான். ஆனால் அது வேகமாகக் கொல்லும். உங்கள் மனையில் மூன்று நாளாக இழுப்பதால் அதுவாக இருக்காது என்றே நினைக்கிறேன்.

இப்போதைக்கு நோய்ப்புழுக்களைக் குச்சியால் பொறுக்கிச் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் கலந்த நீரில் போட்டுப் புதையுங்கள். படுக்கையில் நீர்த்த சுண்ணாம்புத் தூளைத் தூவி, அரை மணி கழித்து இலை போடுங்கள். நெருக்கத்தைக் குறையுங்கள், 100 தொகுதிக்கு 600 சதுர அடியாவது வேண்டும். சன்னலைத் திறந்து, வெப்பம் 25 டிகிரியைத் தாண்டாமல் பாருங்கள். கூடு எடுத்தபின் வளர்ப்பு மனையோடு இலை வைக்கும் அறையையும் கிருமிநாசினியால் கழுவுங்கள். இலை அறையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.