மருத்துவப் பல்கலைக்கழக நூலகங்கள் மின்வழிக் கற்றல் வளங்களை எப்படி மதிப்பிடுகின்றன?

மின்வழிக் கற்றல் வளம் என்பது மின்னூல், ஆய்விதழ்த் தொகுப்பு, செய்முறைக் காணொளி போன்றவை. சந்தா கட்டுமுன் நூலகம் முதலில் பார்க்க வேண்டியது, உள்ளடக்கம் கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்பதைத்தான். மருத்துவத்தில் காலாவதியான பாடம் நோயாளியின் உயிரையே பாதிக்கும். 2010-இல் அமெரிக்க இதயச் சங்கம், இதயம் நின்றவருக்கு மூச்சுவழியைச் சீராக்குவதற்கு முன்பே மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும் என்று வரிசையை மாற்றியது. பழைய வரிசையையே காட்டும் காணொளி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம் என்பேன். பிறகு, கோயம்பேட்டில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்குவதுபோல, சில வாரங்கள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்த்து, விடுதியிலிருந்தும் திறக்கிறதா, ஒரே நேரத்தில் எத்தனை பேர் படிக்கலாம் என்று சோதிப்பார்கள். ஆண்டு முடிவில் கட்டணத்தைப் பயன்பாட்டு எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பதும் உண்டு. இலவசமானது தரமற்றது என்று பலர் எண்ணுவது சரியல்ல: மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேட உதவும், அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் பப்மெட் தளம் 1997 முதல் எல்லோருக்கும் இலவசம்.