போரில் இடம்பெயர்ந்த அம்மா இன்னும் தூங்குவதில்லை. நடந்ததை எல்லாம் மனம்விட்டுச் சொல்ல வைத்தால் சரியாகுமா?

கேட்டவர் தந்த விவரம் இவ்வளவுதான்: இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியிலிருந்து 2009இல் இடம்பெயர்ந்தவர், இரவில் தூக்கமில்லை, நெஞ்சு அடைக்கிறது என்கிறார், ஈசிஜியில் குறை எதுவும் இல்லை, அவருடைய மகனை, அதாவது கேட்டவரின் அண்ணனைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை.

வற்புறுத்திச் சொல்ல வைக்காதீர்கள். ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்ட வைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனமே வேண்டாம் என்கிறது. அவராகப் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள். நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள்.

வடக்கில் பலர் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "ஒரே யோசனை", "பெருமூச்சு வருது", "உடம்பெல்லாம் உளைவு" என்பார்கள். அதை நடிப்பு என்று தள்ளவும் கூடாது, எல்லாம் மனசுதான் என்று முடிவு கட்டவும் கூடாது. இதயத்தோடு தைராய்டு, இரத்தச்சோகை, சர்க்கரை ஆகியவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மூச்சுப் பயிற்சி உதவும், ஆனால் பலர் தவறாகச் செய்கிறார்கள். பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது முதன்முதலாகச் சொல்லிக்கொடுத்தால் ஏறாது. காலையும் மாலையும் அமைதியான நேரத்தில் 5 நிமிடம் பழகட்டும். வயிறு மெல்ல எழும்பும்படி உள்ளே இழுத்து, அதைவிட மெதுவாக வெளியே விட வேண்டும். "ஆழமா இழு, ஆழமா இழு" என்றால் வேகமாக இழுத்துத் தலைசுற்றும், கை விறைக்கும், பயம் இன்னும் கூடும். கண்ணை மூடினால் பழைய காட்சிகள் வருமென்றால் திறந்தே வைத்திருக்கட்டும். பாதம் தரையில் படுவதைக் கவனிக்கச் சொல்லுங்கள். போர் முடிந்த மே மாதம், கோயில் திருவிழா வெடி, தாழப் பறக்கும் ஹெலிகொப்டர் எல்லாம் கிளறிவிடும். வெடி போடப்போகும் நாளை முன்கூட்டியே சொல்லிவைத்தால் அதிர்ச்சி கொஞ்சம் குறையும்.

அண்ணனின் விஷயம் வேறு. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் படும் இந்தத் தவிப்பைத் துறையில் தெளிவற்ற இழப்பு என்பார்கள். உடல் இல்லை, அதனால் அந்தியேட்டி என்ற இறந்தவர்களுக்கான சடங்கும் இல்லை. மனைவி பொட்டு வைத்தால் ஒரு பேச்சு, வைக்காவிட்டால் இன்னொரு பேச்சு. "இனி வரமாட்டான், ஏற்றுக்கொள்ளுங்கோ" என்று சொன்னால் அவனைக் கைவிடச் சொல்வதாகவே அம்மாவுக்குக் கேட்கும். "வருவான்" என்றும் வாக்குக் கொடுக்காதீர்கள். அவன் பெயரில் கோயிலில் ஒரு அர்ச்சனை, பிறந்தநாளில் அவனுக்குப் பிடித்த சமையல்: இரண்டையும் முடிவு எதுவும் எடுக்காமலே செய்யலாம். 2016 சட்டத்தின்படி மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைச் சான்றிதழ் பெற வழி இருக்கிறது. வங்கி, காணி வேலைகளுக்கு அது உதவும். "செத்துவிட்டான்" என்று கையெழுத்து வைக்கத் தேவையில்லை.

போரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இன்றைய கவலை கண்ணில் படாது. வாரா வாரம் வாசலுக்கு வரும் நுண்கடன்காரன் தூக்கத்தைக் கெடுத்தால், எத்தனை உளவளத்துணையும் பாதிதான் வேலை செய்யும். உலக சுகாதார நிறுவனத்தின் 'பிஎம் பிளஸ்' (Problem Management Plus) என்ற 5 அமர்வுத் திட்டத்தில் இதற்கென்றே ஒரு படி உண்டு: தீர்க்கக்கூடிய ஒரு பிரச்சினையை எடுத்து, வழிகளை எல்லாம் எழுதி, ஒன்றைத் தேர்ந்து, எந்த நாள் செய்வது என்றுகூடக் குறிக்க வேண்டும். மருத்துவர் அல்லாத பயிற்சி பெற்றவர்களே இதை நடத்தலாம்.

தூக்கத்துக்கென்று டயசிபாம் குளிசையை மாதக்கணக்கில் கொடுப்பது பெரிய தவறு, பழக்கமாகிவிடும். ஏற்கெனவே நெடுநாள் எடுப்பவர் திடீரென நிறுத்தவும் கூடாது. மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மனச்சோர்வுக் குளிசை வேலை செய்யத் தொடங்க 2 முதல் 4 வாரம் ஆகும். "பத்து நாள் போட்டும் ஒண்டுமில்லை" என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். சுகம் வந்த பிறகும் பல மாதம் தொடர வேண்டும்.

"சாக வேணும் போல இருக்கா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தையும் குளிசைகளையும் அன்றே வீட்டிலிருந்து அகற்றுங்கள். இலங்கையில் 1926, இந்தியாவில் 14416 என்ற மனநல உதவி எண்களில் எந்நேரமும் அழைக்கலாம்.